சினைப் பையில் பிடிபட்ட நோய்; பிறந்த இடம் வேறு!

புற்று நோயில் பல வகை உண்டு. சில வகை கட்டியாகக் கைக்குத் தட்டுப்படும். சில வகை ரத்தப் போக்கு மூலம் தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

பெண்களின் சினைப் பையில் வரும் புற்று நோய் அப்படி அல்ல. அது ஓசைப்படாமல் வரும். வெளியே தெரியும்போது, பெரும்பாலும் வயிறு முழுவதும் பரவி இருக்கும்.

2022-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் இதனால் இறந்தார்கள்.

இந்த நோய் எங்கே பிறக்கிறது?

"சினைப் பையில்தான். பெயரிலேயே இருக்கிறதே!" என்று யாரும் சொல்லி விடுவார்கள். டாக்டர்களும் பல காலம் அப்படித்தான் நம்பினார்கள்.

அது முழு உண்மை அல்ல என்று இப்போது தெரிந்து விட்டது.

சினைப் பைப் புற்று நோயிலும் பல வகை உண்டு. அவற்றில் அதிகமாக வருவதும், அதிகம் பேரின் உயிரைக் குடிப்பதும் ஒரே ஒரு வகைதான். அந்த வகையில் பெரும்பாலானவை சினைப் பையில் பிறப்பதே இல்லை. பக்கத்தில் உள்ள கருக்குழாயின் நுனியில் பிறக்கின்றன. பிறகு சினைப் பையில் போய்க் குடியேறுகின்றன!

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதனால் பெண்களுக்கு என்ன நன்மை?

நாதசுரம் போன்ற குழாய்

பெண்ணின் அடிவயிற்றில் கருப்பை இருக்கிறது. குழந்தை வளர்வது அதற்குள்தான்.

கருப்பைக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சினைப் பைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வாதுமைக் கொட்டை அளவு இருக்கும். மாதந்தோறும் முட்டை வெளிவருவது இங்கிருந்துதான்.

அந்த முட்டையைக் கருப்பைக்குக் கொண்டு சேர்ப்பது கருக்குழாய். அதன் நீளம் சுமார் 4 அங்குலம். கருப்பையின் பக்கம் ஒடுங்கி இருக்கும். சினைப் பையின் பக்கம் விரிந்து இருக்கும். பார்ப்பதற்கு நாதசுரம் போல!

விரிந்த வாயைச் சுற்றிலும் விரல் விரலாகக் குஞ்சம் தொங்கும். முட்டை வெளிவந்ததும், இந்தக் குஞ்சம் அதை வாரி உள்ளே இழுத்துக் கொள்ளும்.

இத்தாலி நாட்டில் பதுவா நகரில் கபிரியேல் பலோப்பியோ என்ற மேதை இருந்தார். மனித உடலை அறுத்து ஆராய்ந்தவர். 1561-ம் ஆண்டில் வெளிவந்த தம் புத்தகத்தில் இந்தக் குழாயை விவரித்து எழுதினார். அவர் கண்ணுக்கு அது எக்காளம் போலத் தெரிந்தது. பிற்காலத்தில் அந்தக் குழாய்க்கு அவர் பெயரையே வைத்து விட்டார்கள்.

அவர் விவரித்த குழாயின் நுனிக் குஞ்சத்தின் மேல் புற்று நோய் நிபுணர்களின் பார்வை திரும்ப, 400 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

கோழி சொன்ன பாடம்

அதற்குக் காரணம் உண்டு. நோயாளியின் வயிற்றைத் திறந்து பார்த்தால், பெரிய கட்டி இருப்பது சினைப் பையில்தான். ஆகவே சினைப் பைதான் குற்றவாளி என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

எகிப்து நாட்டு டாக்டர் மகமூத் பதல்லா, 1971-ம் ஆண்டில் லண்டன் "லான்செட்" பத்திரிகையில் ஒரு கருத்தை வெளியிட்டார்.

முட்டை வெளிவரும்போது சினைப் பையின் மேல்தோல் கிழிகிறது, பிறகு ஆறுகிறது. மாதா மாதம் இப்படி ஓய்வில்லாமல் நடப்பதுதான் புற்று நோய்க்கு வழி செய்கிறது என்பது அவர் கருத்து.

அவர் பேச்சில் நியாயம் இருந்தது. பல பிள்ளைகள் பெற்ற பெண்களுக்கு இந்த நோய் குறைவாக வருகிறது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முட்டை வெளிவருவது இல்லை அல்லவா? கருத்தடை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கும் குறைவாகவே வருகிறது. அந்த மாத்திரையும் முட்டையை நிறுத்தி வைக்கிறது.

ஓயாமல் முட்டையிடும் கோழிகளுக்கோ, இந்த நோய் அதிகமாக வருகிறது!

ஆனாலும் ஒரு புதிர் பாக்கி இருந்தது.

பூதக் கண்ணாடியில் பார்த்தால், இந்தப் புற்று நோயின் செல்கள் சினைப் பையின் மேல்தோல் செல்களைப் போல இல்லை. கருக்குழாயின் உள்தோல் செல்களைப் போல இருந்தன. பிடிபட்டது சினைப் பையில். ஜாடையோ கருக்குழாயின் ஜாடை!

பரம்பரையாக வரும் பிழை

புதிரை அவிழ்க்க உதவியது வேறொரு கண்டுபிடிப்பு.

சில குடும்பங்களில் பாட்டி, தாய், மகள் என்று வரிசையாக மார்புப் புற்று நோயும், சினைப் பைப் புற்று நோயும் வருவது உண்டு. இது ஏன் என்று அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

தாய் தந்தையிடம் இருந்து பிள்ளைகளுக்கு வரும் மரபணுக்களில் ஒன்று பழுதாகி இருப்பதே காரணம் என்று அவர் சொன்னார். அந்த மரபணு உடலின் எந்தப் பகுதியில் ஒளிந்து இருக்கிறது என்பதை 1990-ம் ஆண்டில் காட்டினார். 17-வது குரோமோசோமில்!

1994-ம் ஆண்டில் அந்த மரபணுவே கையில் சிக்கியது. "பி.ஆர்.சி.ஏ.-1" என்று அதற்குப் பெயர். மறு ஆண்டில் "பி.ஆர்.சி.ஏ.-2" என்ற மற்றொன்றும் அகப்பட்டது.

இந்த மரபணுக்களின் வேலை என்ன? செல்லுக்குள் ஏற்படும் உடைசல்களைப் பழுது பார்ப்பது. பழுது பார்ப்பவரே பழுதானால், உடைசல்கள் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் புற்று உண்டாகும்.

சாதாரணமாக 100 பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்கே சினைப் பைப் புற்று நோய் வருகிறது. முதல் மரபணு பழுதானவர்களில், 80 வயதுக்குள் 100-க்கு 44 பேருக்கு வருகிறது. இரண்டாவது மரபணு பழுதானவர்களில் 100-க்கு 17 பேருக்கு வருகிறது.

இதை அறிந்த பெண்கள் பலர், நோய் வரும் முன்பே சினைப் பைகளையும் கருக்குழாய்களையும் ஆபரேஷன் செய்து எடுத்து விட்டார்கள்.

அப்படி எடுத்த உறுப்புகள் பரிசோதனைச் சாலைக்குப் போயின. அங்கேதான் உண்மை வெளிப்பட்டது!

12 பெண்கள்

ஆலந்து நாட்டு டாக்டர்கள், நோய் இல்லாத 12 பெண்களின் கருக்குழாய்களை ஆராய்ந்தார்கள். எல்லோரும் பரம்பரை அபாயம் காரணமாக முன்கூட்டியே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

6 பேரின் கருக்குழாயில், புற்று நோயாக மாறக்கூடிய கெட்ட செல்கள் இருந்தன! மேலும் 5 பேருக்குச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகி இருந்தன. அபாயம் இல்லாத மற்றப் பெண்களின் குழாய்களில் இப்படி ஒன்றும் இல்லை.

2001-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளிவந்தது.

அடுத்து, அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து நிபுணர் கிறிஸ்டபர் கிரம் களத்தில் இறங்கினார்.

அதுவரை கருக்குழாயில் ஓரிரு துண்டுகளை மட்டுமே நறுக்கிப் பார்ப்பது வழக்கம். மீதியை யாரும் பார்ப்பது இல்லை. கிரம்மும் அவருடைய தோழர்களும் 2006-ம் ஆண்டில் புது முறை ஒன்றை வகுத்தார்கள். குழாய் முழுவதையும் ரொட்டியை நறுக்குவது போல மெல்லிய துண்டுகளாக நறுக்கினார்கள். நுனிக் குஞ்சத்தை நீளவாக்கில் வகிர்ந்து, ஒரு மடிப்புக்கூட விடாமல் பார்த்தார்கள்.

கண்ணில் படாத அளவு சிறிய புற்றுகள், அந்தக் குஞ்சத்தில் ஒளிந்து இருந்தது தெரிந்தது!

அடையாளம் காட்டும் சாயங்கள்

ஒரு செல் நல்லதா, கெட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குச் சில அடையாளப் பொருள்கள் உண்டு. செல்லுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் மருந்தைத் தடவுவார்கள். அந்தப் புரதம் இருந்தால், செல் பழுப்பு நிறம் காட்டும். இல்லாவிட்டால் காட்டாது.

முதல் அடையாளம், "பி-53" என்ற புரதம். 1979-ம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. இது செல்லின் காவல்காரன். செல்லில் பிழை ஏற்பட்டால், பெருக விடாமல் தடுக்கும். பிழை திருந்தாவிட்டால், அந்தச் செல்லையே சாகடிக்கும்.

காவல்காரன் கெட்டுப் போனால்? கெட்ட புரதம் செல்லுக்குள் குவிந்து விடும். நிறம் கரும்பழுப்பாகத் தெரியும். சில சமயம் புரதமே இருக்காது. அப்போது நிறமே தெரியாது. இரண்டும் அபாய அறிவிப்புதான்.

இரண்டாவது அடையாளம் "கி-67". ஜெர்மனியில் கீல் நகரத்தில் கண்டுபிடித்ததால் இந்தப் பெயர். பெருகிக் கொண்டிருக்கும் செல்லில் மட்டுமே இது இருக்கும். ஓய்ந்து இருக்கும் செல்லில் இராது.

மூன்றாவது அடையாளம் "பாக்ஸ்-8". இது கருக்குழாயின் செல்களில் உண்டு. சினைப் பையின் மேல்தோலில் பெரும்பாலும் கிடையாது. இந்தப் புற்று நோயின் செல்களிலோ தவறாமல் காணப்படுகிறது! ஜாடைப் புதிருக்கு இது ஒரு நல்ல சாட்சி.

இந்த அடையாளங்களை வைத்து, நோய் வளரும் படிகளை நிபுணர்கள் கண்டார்கள்.

முதல் படியில், கருக்குழாயின் நுனியில் ஒரு வரிசைச் செல்களில் காவல்காரன் கெட்டுப் போகிறான். ஆனால் செல்கள் பெருகவில்லை. இது இன்னும் புற்று அல்ல.

அடுத்த பெரிய படியில், அந்தச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. ஆனால் உள்தோலைத் தாண்டவில்லை. இதை டாக்டர்கள் "ஸ்டிக்" என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

கடைசியில், செல்கள் உதிர்ந்து சினைப் பையின் மேல் விழுகின்றன. அங்கே வேர் விட்டு வளர்கின்றன. வயிற்றுக்குள்ளும் பரவுகின்றன. பெரிதாக வளர்ந்த இடம் சினைப் பை என்பதால், அதன் பெயரே நோய்க்கு நிலைத்து விட்டது!

ஒரே கைரேகை

சினைப் பையில் பிறந்த புற்று கருக்குழாய்க்குப் போயிருக்கலாம் அல்லவா?

இந்தச் சந்தேகத்தையும் தீர்க்க வேண்டி இருந்தது. குழாயில் உள்ள சிறு புற்றையும், சினைப் பையில் உள்ள பெரிய கட்டியையும் எடுத்து, இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே பிழை! இரண்டு இடத்திலும் கிடைத்த கைரேகை ஒன்றுதான்.

2011-ம் ஆண்டில் அமெரிக்காவில் பெரிய ஆராய்ச்சி ஒன்றின் முடிவு வந்தது. இந்த வகை நோயில் 100-க்கு 96 கட்டிகளில், காவல்கார மரபணு கெட்டு இருந்தது.

2017-ம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து விஞ்ஞானிகள், 9 பெண்களின் மரபணுப் பிழைகளை வரிசைப்படுத்தினார்கள். எந்தப் பிழை முந்தியது, எது பிந்தியது என்று கணக்கிட்டார்கள். முந்திய பிழைகள் கருக்குழாயில் இருந்தன. அங்கே தோன்றிய சிறு புற்று சினைப் பைக்குப் போய்ச் சேர, சராசரியாக ஆறரை ஆண்டு ஆகிறது என்று தெரிந்தது.

ஆறரை ஆண்டு! தடுக்க நினைத்தால், அது நல்ல அவகாசம்தான்.

2014-ம் ஆண்டு முதல், சினைப் பைப் புற்று நோய்க்கும் கருக்குழாய்ப் புற்று நோய்க்கும் ஒரே அளவுகோல் வைத்தே படி நிலைகளைக் குறிக்கிறார்கள்.

எல்லாம் ஒரே இடத்தில் பிறப்பது இல்லை

சினைப் பையில் காணும் எல்லாப் புற்றும் கருக்குழாயில் இருந்து வருவதாக நினைத்து விடக் கூடாது.

சில பெண்களுக்குக் கருப்பையின் உள்தோல், வெளியே சினைப் பையில் ஒட்டி வளர்வது உண்டு. அந்தத் தோலில் இருந்து வேறு இரண்டு வகைப் புற்று பிறக்கும். கானடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2010-ம் ஆண்டில் இந்த வகைகளுக்கு உரிய ஒரு மரபணுப் பிழையைக் கண்டுபிடித்தார்கள். காவல்கார மரபணுவின் பிழை அல்ல, வேறு பிழை.

இளம் பெண்களுக்கு முட்டைச் செல்லில் இருந்தே பிறக்கும் புற்றும் உண்டு. அது அபூர்வம்.

பெயர் ஒன்று; நோய் பல. பிறந்த இடம் வேறானால், மருந்தும் வேறாகலாம். ஆகவேதான் எந்த வகை என்று டாக்டர்கள் துருவித் துருவிப் பார்க்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனை போதாதா?

"ஆண்டுக்கு ஒரு முறை ரத்தத்தைப் பரிசோதித்து, முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?" என்று பலர் கேட்பார்கள்.

"சி.ஏ.-125" என்று ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. பாஸ்டன் நகரத்து டாக்டர் ராபர்ட் பாஸ்ட் 1981-ம் ஆண்டில் இதற்கு வழி கண்டார். நோய் வந்தவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்பி வருகிறதா என்று பார்க்க இது மிகவும் உதவுகிறது.

ஆனால் நோய் இல்லாதவர்களைச் சோதிக்க இது போதாது. மாதவிலக்கின் போதும், கர்ப்ப காலத்திலும், கருப்பையில் சாதாரணக் கட்டி இருந்தாலும், வயிற்றில் காச நோய் இருந்தாலும் இதன் அளவு கூடும். புற்று தொடங்கும் காலத்தில், கூடாமலும் இருந்து விடும்!

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 50 வயது முதல் 74 வயது வரை உள்ள 2 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. இன்னொரு பகுதியினருக்கு ஸ்கேன். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

2021-ம் ஆண்டில் முடிவு வந்தது. சோதனை செய்துகொண்டவர்களிலும், செய்துகொள்ளாதவர்களிலும் இந்த நோயால் இறந்தவர் விகிதத்தில் வித்தியாசம் இல்லை!

வான்கூவர் காட்டிய வழி

தேடிப் பிடிக்க முடியாவிட்டால், பிறக்கும் இடத்தையே அகற்றி விட்டால் என்ன?

கானடா நாட்டில் வான்கூவர் நகரத்து டாக்டர்கள் 2010-ம் ஆண்டில் இந்த யோசனையைச் செயலில் காட்டினார்கள்.

வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போது, கூடவே கருக்குழாய்களையும் எடுத்து விடலாம். கருத்தடை ஆபரேஷனில், குழாயைக் கட்டுவதற்குப் பதிலாக முழுவதையும் எடுத்து விடலாம். சினைப் பைகளைத் தொட வேண்டாம். பெண்ணின் உடல் நலத்துக்கு வேண்டிய ஹார்மோன்களைச் சுரப்பவை அவை.

2022-ம் ஆண்டில் பலனைக் கணக்குப் பார்த்தார்கள். இப்படிக் குழாய் எடுக்கப்பட்ட பெண்கள் 25,889 பேர். இந்த வகைப் புற்று நோய் அவர்களில் 5 பேருக்காவது வந்திருக்கும் என்பது கணக்கு. ஒருவருக்குக்கூட வரவில்லை!

இன்னும் பல ஆண்டுகள் பார்க்க வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். என்றாலும் நல்ல தொடக்கம்.

நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்றால், குழாயைக் கட்டித் துண்டிப்பதுதான் வழக்கம். நுனிக் குஞ்சம் உள்ளேயே இருந்து விடும். குழாயை எடுத்து விடுவது தமக்குப் பொருந்துமா என்று, ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரைக் கேட்டுக் கொள்ளலாம். பரம்பரை அபாயம் இல்லாதவர்கள், இதற்கென்றே தனியாக ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டியது இல்லை.

குடும்பத்தில் இருந்தால்...

ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலியின் தாய், புற்று நோயால் 56-வது வயதில் இறந்தார். மகளுக்கும் "பி.ஆர்.சி.ஏ.-1" மரபணு பழுதாகி இருந்தது. 2015-ம் ஆண்டில், தம் 39-வது வயதில், சினைப் பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்து விட்டதாக அவரே பத்திரிகையில் எழுதினார். உலகம் முழுவதும் பெண்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

பழுதான மரபணு உள்ளவர்களுக்கு இரண்டையும் எடுப்பதுதான் இன்றைய முறை. முதல் மரபணு பழுதானவர்களுக்கு 35 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், பிள்ளைப் பேறு முடிந்த பிறகு செய்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் குடும்பத்தில் எல்லோரும் அறிய வேண்டும். இந்தப் பிழை தாய் வழியில் மட்டும் அல்ல, தந்தை வழியிலும் வரும். பிழை உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், அது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே அத்தைக்கு வந்த நோயையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சித்திக்கு வந்ததை மட்டும் சொன்னால் போதாது.

நோய் வந்த பெண்ணுக்கு மரபணுப் பரிசோதனை செய்தால், அவருக்கும் லாபம். தங்கைக்கும் மகளுக்கும் லாபம். ஏனெனில், பழுதான மரபணு உள்ளவர்களுக்கென்றே தனி மாத்திரைகள் வந்து விட்டன. முதல் மாத்திரை 2014-ம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அது எப்படி வேலை செய்கிறது? வீட்டைப் பழுது பார்க்க இரண்டு கொத்தனார்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். புற்றுச் செல்லில் ஒரு கொத்தனார் ஏற்கெனவே இல்லை. மாத்திரை இரண்டாவது கொத்தனாரையும் தடுத்து விடுகிறது. வீடு இடிந்து விழுகிறது. புற்றுச் செல் சாகிறது!

வயிறு சொல்லும் சேதி

இந்த நோய்க்கு அறிகுறியே இல்லை என்று சொல்வது தவறு. அறிகுறி உண்டு. சாதாரணக் கோளாறு போல இருப்பதால், யாரும் கவனிப்பது இல்லை.

வயிறு உப்பிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்து விடும். அடிவயிறு வலிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டி வரும்.

இவை யாருக்கும் ஓரிரு நாள் வரலாம், போய் விடும். புதிதாக வந்து, வாரக் கணக்கில் விடாமல் இருந்தால், அதிலும் 50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இருந்தால், கஷாயத்தோடு விட்டு விடக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.

பெரும்பாலும் வேறு சிறு கோளாறாகவே இருக்கும். அப்படி இருந்தால் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

பெண்கள் இப்படிப்பட்ட தொந்தரவுகளை வெளியே சொல்லக் கூச்சப்படுவார்கள். குடும்பத்துக்கு எல்லாம் செய்து முடித்து விட்டுத் தம்மைக் கவனிக்கலாம் என்று தள்ளிப் போடுவார்கள். அவர்களைக் கேட்டு, கூட்டிக்கொண்டு போவது, வீட்டில் உள்ள மற்றவர்களின் கடமை.